தாயின் இனம்

1

போன மாதம் என் மகள் நிஷாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். மருமகனுக்கு அன்றைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் நான் துணைக்குப் போனேன். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும், வங்கியோ கவுன்சிலோ ஆஸ்பத்திரியோ, எந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அன்றைக்கும் வேர்த்தது.

தாதி ஒரு கறுப்பினப் பெண். நாற்பது வயதிருக்கும். கணினியைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உங்கள் முன்னோர் எந்த நாட்டவர்?" என்றார்.

"சிறிலங்கன் தமிழ்," என்றாள் நிஷா. பள்ளிக்கூடக் காலம் தொட்டு மனப்பாடமான பதில்.

"வேறு கலப்பு ஏதாவது? எத்தனை தலைமுறைக்கு முந்தியென்றாலும் பரவாயில்லை. ஆபிரிக்கா, கரிபியன் தீவுகள்?"

இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் ஒரு பரம்பரை நோய் உண்டாம். ஆபிரிக்க வழிவந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகமாம். அதற்காகத்தான் எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

"இல்லை," என்றாள் நிஷா.

தாதியின் விரல் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தது. "பொறுங்கோ," என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில், "இருக்கிறது. என் அம்மா ஆபிரிக்க வழி," என்றேன்.

நிஷா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "அம்மம்மா யாழ்ப்பாணம் எண்டுதானே சொன்னீங்கள்?"

"உன்ர அம்மப்பாதான் யாழ்ப்பாணம். அம்மம்மா புத்தளம். காப்பிரி."

அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று தாதி கேட்டார். நான் எங்களூர் ஆங்கிலப் புத்தகங்களில் உள்ளபடி எழுத்துக்கூட்டிச் சொன்னேன். தாதியின் கை விசைப்பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது. நிஷாவின் முகம் சிவந்துபோயிற்று. "அம்மா! அந்தச் சொல்லை இங்க சொல்லக் கூடாது. அது கறுப்பு ஆக்களுக்கு ஏசுற சொல்லு!"

எங்கள் ஊரில் அது ஒரு சாதிசனத்தின் பெயர். அந்தச் சனமே தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். நான் தடுமாறி விளக்கம் சொன்னேன். தாதி கடைசிவரை கேட்டார்.

"நான் பிறந்தது தென்னாபிரிக்காவில்," என்றார். "என் அப்பாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டுத்தான் வேலை வாங்கினார்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் நான் அதை எழுதமாட்டேன். ஆபிரிக்கர் என்று மட்டும் போடுகிறேன்."

வீட்டுக்கு ரயில் ஏறினோம். ஐந்தாவது ஸ்டேஷனில் நிஷா கேட்டாள்: "ஏன் ஒளிச்சனீங்கள்?"

அன்று முதல் எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்குப் போகிறேன். மாடிக்கு எதற்கு வந்தேன் என்று மறந்து கீழே வருகிறேன். அவளுக்குச் சொன்ன பதிலையே, நான் இடைக்கிடை எழுதும் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். கொழும்பில் இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும்.

2

அப்பா யாழ்ப்பாணத்தில் இளவாலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். வாலிபத்தில் புத்தளம் உப்பளத்தில் கிளாக்காக இருந்தவர். அம்மா அங்கே ஒரு தென்னந்தோட்டக் கிராமத்தில் பிறந்தவர். இரண்டு பேரும் ஒரே தேவாலயத்துக்குப் போனார்கள், அங்கேதான் பழக்கம். கலியாணம் முடிந்ததும் அப்பாவின் வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்பா கொழும்புத் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வீடு எடுத்தார். அண்ணா வின்சன்ற்றும் நானும் அந்த வீட்டில்தான் பிறந்தோம்.

அம்மா நல்ல உயரம். கறுப்பு என்றால் எங்கள் தெருவில் எவருக்கும் இல்லாத, மினுங்குகிற கறுப்பு. தலைமயிர் சுருள் சுருளாக நெருங்கியிருக்கும். அதைத் தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கி வாரி, கொண்டை போட்டு, மேலே ஒரு சீலைத்துண்டைக் கட்டிக்கொள்வார். யாராவது ஊர் எது என்று கேட்டால், "புத்தளம் பக்கம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எனக்கு அம்மாவின் தலைமயிர். பள்ளிக்கூடத்தில் என்னைப் பம்பை என்றார்கள். அண்ணா அப்பாவை உரித்துவைத்தவர். நேரான முடி, இளவாலை மூக்கு. இந்த வித்தியாசம் அப்போது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

ஆனியில் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு அம்மாவின் தம்பிமார் இரண்டு பேர் புத்தளத்திலிருந்து வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா யன்னல்களைச் சாத்துவார். மாமாமார் சிரட்டைகளையும் கரண்டியையும் எடுத்துத் தட்டத் தொடங்குவார்கள். இருந்தபடியே பாடுகிற பாட்டு அது; மஞ்சா என்பார்கள். மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். சொல் ஒன்றும் எங்களுக்கு விளங்காது. அம்மாவுக்கும் விளங்காது. "தாத்தாமார் பாடினது, நாங்களும் பாடுறோம்," என்பார். அந்த ஒரு மத்தியானத்தில் மட்டும் அவர் தலைச்சீலையை அவிழ்த்துவிட்டு இருப்பார். அடுத்த நாள் மாமாமாரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் சீலை தலைக்கு ஏறிவிடும்.

அண்ணா பிறந்தபோது பதிவு எழுத வந்தவரிடம், தாயின் இனம் என்ற இடத்தில் 'தமிழ்' என்று போடும்படி அம்மா கேட்டாராம். அந்த மனுசன் அம்மாவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு 'காப்பிரி' என்று எழுதினானாம். அப்பா மாற்றித் தருவதாகச் சொல்லிச் சொல்லியே காலம் போயிற்று. அம்மா அந்தக் கடதாசியைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய சேலைகளை அடுக்கிவிட்டார்.

3

போர் தொடங்கிச் சில வருடங்களில் அப்பா நெஞ்சுநோவில் இறந்துபோனார். அண்ணா வெள்ளவத்தையில் ஒரு கொமினிக்கேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்து லொட்ஜ்களில் காத்திருக்கும் சனம் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கும் கடை அது. கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ அழைப்பு வந்தால், லொட்ஜுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவதும் அண்ணாவின் வேலைதான்.

அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். என்னைப் பார்த்ததும் சிப்பாய்களுக்குக் குழப்பம் வந்துவிடும். ஒருவன் சிரித்துக்கொண்டு, "பைலா போடும் வீடா நங்கி?" என்று கேட்பான்; பைலா காப்பிரிகளும் பறங்கிகளும் பாடி ஆடும் பாட்டு, நங்கி என்றால் தங்கச்சி. அடையாள அட்டையை விரித்துக்கூடப் பார்க்காமல் போகச் சொல்வான். அண்ணாவின் அட்டையை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். நான் பஸ்ஸில் ஏறி, யன்னலால் அவரைப் பார்த்தபடி இருப்பேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் இறங்கிப்போய் அவரோடு நின்றதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டொரொன்டோவிலிருந்து வந்த அழைப்புக்கு ஒரு தாயைக் கூப்பிட அண்ணா கடற்கரைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே சுற்றிவளைப்பு. லொட்ஜில் இருந்த இளம் ஆண்கள் எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். அண்ணா தான் அங்கே தங்கியிருப்பவரில்லை என்று சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அவர் நல்ல சிங்களம் கதைப்பார். அதுவே, பயிற்சி கொடுத்து அனுப்பிய ஆளோ என்ற சந்தேகத்தைக் கூட்டிவிட்டது.

கடை முதலாளி பக்கத்து வீட்டுக்கு ரெலிபோன் பண்ணிச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்தார். சீலைத்துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "நட," என்றார்.

4

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுத விருப்பமில்லை. இரண்டு நாள் வாசலிலேயே நின்றோம். உள்ளே விடவில்லை. எங்களைப்போல இன்னும் எத்தனையோ தாய்மார். மூன்றாம் நாள் காலை அம்மா வீட்டில் தகரப்பெட்டியைத் திறந்து, சேலைகளைக் கட்டிலில் கொட்டி, அடியிலிருந்த கடதாசியை எடுத்தார். நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். தலைக்குக் கட்டும் சீலையை அம்மா கதவுக் கொளுவியிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டார்.

"அம்மா, சீலை," என்றேன்.

"தேவையில்லை," என்றார்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அந்தத் தலையைப் பார்த்தான். அம்மா சிங்களத்தில், தான் புத்தளத்துக் காப்பிரி என்றும், உள்ளே இருப்பது தன் மகன் என்றும் சொன்னார். பத்து நிமிடத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர். நல்ல மனநிலையில் இருந்தார். பிறப்புச் சான்றிதழை வாசித்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "இந்தப் பெண் உன் மகள் என்றால் நம்புவேன். உள்ளே இருப்பவன் யாழ்ப்பாணத்தான் மாதிரி இருக்கிறான். இந்தக் கடதாசியை வேறு யாரிடமாவது வாங்கி வந்தாயா?"

"நான் பெற்ற பிள்ளை, மஹத்தயா," என்றார் அம்மா.

"காப்பிரிகள் நன்றாகப் பாடுவார்களே. எங்கே, பாடு பார்ப்போம். உண்மையான காப்பிரி என்றால் பாட்டு வரும்."

அறையில் நின்ற கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். ஒருவன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கச்சேரி பார்ப்பதுபோல உட்கார்ந்தான்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. "ம்?" என்றார் இன்ஸ்பெக்டர். அம்மா கண்ணை மூடினார். உள்ளங்கையால் மேசை விளிம்பில் மெல்லத் தட்டத் தொடங்கினார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து பாடினார். யன்னல் சாத்திய எங்கள் பின்னறையில் மட்டும் நான் கேட்டிருந்த பாட்டு. கான்ஸ்டபிள்கள் முதலில் கைதட்டினார்கள். பாட்டு வேகமெடுத்ததும் ஒருவன் ஆடிக்காட்டினான். அம்மா நிறுத்தவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்து, வேர்வை வழிய, அந்தப் பாட்டின் எல்லா அடிகளையும் பாடினார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் அறையில் அம்மாவின் குரலும் மேசையில் விழுந்த கையும் மட்டும்தான் கேட்டன.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். சான்றிதழில் தகப்பனின் இனம் என்ற இடத்தை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதினார். தாய் காப்பிரி இனத்தவர், மேற்படி இளைஞன் தமிழர் அல்லர், விசாரித்து விடுவிக்கப்படுகிறார். அண்ணாவைக் கூட்டிவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. கடிதத்தின் கீழே, 'நான் தமிழன் அல்ல' என்று சிங்களத்தில் எழுதியிருந்த வரிக்கு அடியில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.

அண்ணா பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மா, "வை மகன்," என்றார். வைத்தார்.

பஸ்ஸில் அம்மா அவரது கண்ணைத் தொடப் போனார். அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். அடுத்த வாரமே வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவார். வாசலில் நின்று என்னோடு கதைப்பார். அம்மாவோடு ஒரு சொல்லும் இல்லை. தன்னைப் பாடவைத்து அவமானப்படுத்தினார்களே என்பதைவிட, மகன் பேசாததுதான் அம்மாவைத் தின்றது. "நான் பாடினது அவனுக்கு வெக்கமாப் போச்சு," என்று என்னிடம் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்கு வருடம் கழித்து அம்மா செத்துப்போகும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. அடக்கத்தன்று அண்ணாதான் பெட்டியின் தலைப்பக்கத்தைத் தூக்கினார். மாதம்பிட்டி சேமக்காலைவரை தோள் மாற்றாமல் நடந்தார்.

5

அதற்கு அடுத்த வருடம் நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்பது வேறு கதை, எல்லோருடைய கதையும்தான். அகதி விண்ணப்பத்தில், அண்ணா கைதானதற்கு ஆதாரமாக அந்த விடுதலைக் கடிதத்தின் பிரதியை என் வழக்கறிஞர் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்.

நேர்காணலில் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நிதானமான மனிதர். குரலை உயர்த்தவேயில்லை.

"நீங்கள் தமிழர் என்பதால் ஆபத்து என்கிறீர்கள்."

"ஓம்."

"ஆனால் நீங்களே தந்த ஆவணம், உங்கள் சகோதரர் தமிழரல்ல என்கிறது. அவரே கையெழுத்திட்டிருக்கிறார். உங்கள் தாயார் ஆபிரிக்க வம்சம். அப்படியானால் நீங்கள் யார்?"

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு அவகாசம் இருந்தது. அங்கே தமிழரில்லை என்று நிரூபித்து ஒருவரை வெளியே எடுத்தோம். இங்கே தமிழர்தான் என்று நிரூபித்தால்தான் நான் உள்ளே நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே கடதாசி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு, இன்னொரு மேன்முறையீடு, ஒவ்வொரு வாரமும் போய்க் கையெழுத்து என்று இழுபட்டது. அப்பாவின் சான்றிதழை இளவாலைக் கோவிற்பற்றிலிருந்து எடுப்பித்து அனுப்பியது அண்ணா. கடைசியில் வதிவிட அனுமதி வந்த நாளில் வழக்கறிஞர் சொன்னார்: "இனிமேல் அம்மா பக்கத்துக் கதையை எடுக்காதேங்கோ. எங்கேயும். ஃபைல் திரும்பத் திறந்தால் கரைச்சல்."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கலியாணம் கட்டியபின் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. யோசித்துவிட்டு, "பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், பிறகு சம்பந்தம் பேசேக்கை சனம் கதைக்கும்," என்றார். நிஷாவுக்கு என் தலைமயிர், அதாவது அம்மாவின் தலைமயிர். பதின்மூன்று வயதில் அவளுக்கு முடியை நேராக்கும் கருவியை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவள் அறையிலிருந்து சூடான மயிர் மணம் வரும். எல்லாம் தெரிந்துகொண்டே செய்தேன் என்று நிஷாவிடம் போன மாதம்தான் ஒப்புக்கொண்டேன். அவள் அழுதாள். பிறகு கோபப்பட்டாள். இரண்டு வாரம் ரெலிபோன் எடுக்கவில்லை.

6

மூன்றாவது வாரம் வந்தாள். கையில் நூலகத்துப் புத்தகங்கள். எனக்குத் தெரியாததையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள். தமிழில் தொடங்கி, சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவி, திரும்பத் தமிழுக்கு வந்து சொன்னாள்.

நான் நினைத்திருந்தது, போர்த்துக்கீசர் கொண்டுவந்தார்கள் என்று மட்டும். அவர்கள் மொசாம்பிக் கரையிலிருந்தும் கோவா வழியாகவும் வீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதற்கும் முன்பே, கொழும்பில் இறங்கிய ஒரு பழைய பயணி, துறைமுகத்தை ஆண்ட தலைவனிடம் ஆபிரிக்கப் படைவீரர் நூற்றுக்கணக்கில் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறானாம். ஒல்லாந்தர் கோட்டை வேலைக்கு அடிமைகளை வைத்திருந்தார்கள். பொழுதுபட்டால் ஏரிக்கு நடுவிலிருந்த திட்டுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அதுதான் நாங்கள் கொம்பனித்தெரு என்று சொல்லி பஸ் இறங்கிய இடம். ஆங்கிலேயர் பட்டாளத்துக்கென்று ஆட்களை வாங்கினார்கள். கண்டி மன்னனின் படையிலும் ஆபிரிக்கர் இருந்தார்கள். ஒரே கரையிலிருந்து வந்தவர்கள் பிறருடைய சண்டையில் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் சுட்டிருக்கிறார்கள். பட்டாளம் கலைந்தபின் சிலருக்குப் புத்தளத்தில் இடம் கிடைத்தது.

"அப்ப அம்மம்மாட சனம் கொட்டாஞ்சேனைக்கு வந்த ஆக்கள் இல்லை," என்றாள் நிஷா. "கொழும்பு கொழும்பாக முதலே அவை அங்க இருந்திருக்கினம்."

எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்தது. ஆனால் அது அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் இந்தப் புத்தகங்களில் எதிலும் ஒரு ஆளின் பெயர்கூட இல்லை. எத்தனை பேர், எந்தக் கப்பல் என்பதுதான் இருக்கிறது. அம்மாவின் அம்மாவுக்கு அப்பால் எனக்கு ஒரு பெயரும் தெரியாது.

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் செலெஸ்தீனா என்று ஒரு பெண். மொசாம்பிக்காரி. ஆறு வருடமாக அவளும் நானும் ஒரே மேசையில் கரட் வெட்டுகிறோம். இதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஷா இருக்கும்போது அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எனக்கு ஞாபகமிருந்த மூன்று அடிகளைப் பாடினேன். செலெஸ்தீனா தலையைச் சாய்த்துக் கேட்டாள். எங்கள் ஆபிரிக்க மொழியில் அவள் பதில் சொல்லப்போகிறாள் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார எதிர்பார்ப்பு இருந்தது.

"இது போர்த்துக்கீஸ்," என்றாள். "உடைந்த போர்த்துக்கீஸ். கடல், பெண்பிள்ளை என்ற இரண்டு சொல் விளங்குகிறது. எங்கள் பாஷை ஒன்றும் இதில் இல்லை."

நிஷா என்னைப் பார்த்தாள். "அப்ப இது பிடிச்சுக்கொண்டு வந்தவன்ர மொழி."

தான் யார் என்று காட்ட அம்மா அந்த மேசைக்கு முன்னால் நின்று பாடியது, அவருடைய சனத்தை விற்றவர்களின் மொழியிலா? செலெஸ்தீனாவுக்கு எங்கள் முகம் மாறியது புரிந்திருக்க வேண்டும். "என் அம்மாவும் போர்த்துக்கீஸில்தான் செபம் சொல்வாள்," என்றாள். "அவள் சொல்லும்போது அது அவளுடையது." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தேத்தண்ணீர் ஆறுகிறது என்று கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

7

அண்ணாவோடு கதைக்க வேண்டும் என்றது நிஷாதான். அவர் இன்னும் வெள்ளவத்தையிலேயே தனியாக இருக்கிறார். நான் எத்தனையோ தரம் ஸ்பொன்சர் பண்ணக் கேட்டும் வரவில்லை. கலியாணமும் கட்டவில்லை. நான் மாதத்தில் இரண்டு தரம் அவரோடு கதைப்பேன். மழை, கரண்ட், மருந்து, அவ்வளவுதான். அன்றைய விஷயத்தை இரண்டு பேரும் ஒருநாளும் எடுத்ததில்லை.

நிஷா வீடியோவில் அழைத்தாள். சுகம் விசாரித்து முடிந்ததும் சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டாள். "மாமா, அம்மம்மா பொலிசில பாடினது உங்களுக்கு வெக்கமா இருந்ததா? அதுக்காகவா கதைக்கேல்ல?"

அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆர் சொன்னது வெக்கம் எண்டு?"

"அம்மாதான்," என்றாள் நிஷா, என்னைக் காட்டி.

"ரீற்றா, நீ அப்பிடியே நினைச்சனீ?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"பக்கத்து அறையிலதான் எங்களை வைச்சிருந்தவங்கள்," என்றார். "பதினொரு பேர். சுவர் ஒண்டுதான் நடுவில. பாட்டுத் தொடங்கினதும் எனக்கு விளங்கிட்டுது. எனக்குப் பக்கத்தில ஒரு பெடியன் இருந்தவன். ஜெகன். மூதூர்ப் பக்கம். பாஸ்போட்டுக்கு வந்து லொட்ஜில நிண்டவன். 'ஆரண்ணை பாடுறது?' எண்டு கேட்டான். நான் தெரியாது எண்டனான்."

அண்ணா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தெரியாது எண்டனான், நிஷா. என்ர அம்மாவை. அவன் சுவரில காதை வைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தான். அடி வாங்கின ஆள். ஆனா கேட்டுக்கொண்டு விரலால தாளம் போட்டான். 'ஆரோ, நல்லாப் பாடுறா' எண்டான். பிறகு பொலிஸ்காரன் கதவைத் திறந்து, பாடுற மனுசியின்ர மகன் ஆர், வா எண்டான். நான் எழும்பினன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோவிக்கேல்ல. 'உங்கட அம்மாவா அண்ணை?' எண்டு மட்டும் கேட்டான். 'என்ர அம்மாவுக்கும் இப்பிடி ஒரு பாட்டுத் தெரிஞ்சிருந்தால்...' எண்டான். முடிக்கேல்ல. கதவைச் சாத்திப்போட்டாங்கள்."

நிஷா வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான் கையெழுத்து வைச்சன். வெளியால வந்தன். அவங்கள் பத்துப் பேருக்கும் தாயும் தமிழ், தேப்பனும் தமிழ். ரெண்டு நாள் கழிச்சுச் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போனன். அவங்களை மாத்தியாச்சு எண்டினம். எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பூசா முகாமுக்கும் போனன், களுத்துறை மறியலுக்கும் போனன். அந்தப் பேரில ஆள் இல்லை எண்டாங்கள். அம்மா என்னை வெளியால எடுத்தவ. அவவைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு அவன்ர முகம் வந்துது. எப்பிடிக் கதைக்கிறது? சொன்னா அவ தான் ஏதோ பிழை செய்த மாதிரி எல்லோ நினைப்பா?"

"மாமா, அதுக்காகவா நீங்கள் வெள்ளவத்தையை விட்டு வரேல்ல?"

"அவனைத் தேடி ஆரும் வந்தா அந்த லொட்ஜுக்குத்தான் வருவினம். லொட்ஜை உடைச்சு இப்ப தொடர்மாடி கட்டியாச்சு. ஆனா நான் கண்டனான் எண்டு சொல்ல ஒரு ஆள் அந்த ஒழுங்கையில வேணும்."

அவருடைய யன்னலுக்கு வெளியே கரையோர ரயில் போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிந்ததும் அண்ணா சொன்னார்: "ரீற்றா, நீ பேப்பருக்கு எழுதுற ஆள். அம்மாவைப் பற்றி எழுது. எங்கட சனத்தைப் பற்றியும் எழுது. அவன்ர பேரையும் எழுது."

எழுதுகிறேன். அவர் பெயர் ஜெகன். முழுப்பெயர் ஜெகநாதனாக இருக்கலாம் என்கிறார் அண்ணா. மூதூருக்குக் கிட்டிய ஒரு கிராமம். அப்போது பத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு, இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு. கைதான அன்று கோடுபோட்ட நீலச் சேட்டு போட்டிருந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றில் பாஸ்போட்டுக்காகக் காத்திருந்தவர். அவருடைய அம்மா இன்னும் இருந்தால், இதை வாசிக்கிற யாராவது அவரிடம் சொல்லுங்கள்: உங்கள் மகன் கடைசியாகக் காணப்பட்ட காலையில் அழுதுகொண்டிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு தாயின் பாட்டுக்கு, சுவரில் காது வைத்து, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.